முக்தி காட்டிய வழி

(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



இருப்புப் பாதை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்குப் பெரும் புலமை கிடையாது. ஆயினும், துயருற்ற பெண்டிர்க்கு மறுவாழ்வு அளித்த ஓர் ஊரைப் பற்றிக் கூற விழைகின்றேன். சென்னை–மும்பை இருப்புப் பாதையில், புனேக்கும் தவுண்டுக்கும் இடையே, கேட்காவ் என்னும் நிலையம் உண்டு. பண்டித ரமாபாய் அம்மையார் நிறுவிய முக்தி இல்லம் அங்கேதான் உள்ளது.

1858இல் பிறந்த அம்மையார், தென்னாட்டுப் பஞ்சத்தில் பெற்றோரையும் தமக்கையையும் பறிகொடுத்து, தமையனோடு நாடெங்கும் நடந்து, 1878இல் இம்மாநகரை அடைந்தார். அவருடைய வடமொழிப் புலமையைக் கண்டு ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ எனப் பட்டங்கள் ஈந்து போற்றியது நம் கல்கத்தாவே. வங்காளி வழக்கறிஞர் ஒருவரை மணந்த அவர், 1882இல் கைம்பெண்ணானார். மறு ஆண்டு இங்கிலாந்தில் கிறித்தவ சமயம் தழுவினார்.

1889இல் மும்பையில் விதவையர்க்காகச் சாரதா சதனம் தொடங்கினார். அது புனேக்கு மாறிய பின், மாணவியர் மதம் மாறுகின்றனர் என்ற கண்டனம் எழுந்தது. 1893இல் ரானடே முதலிய பெரியோர் ஆலோசனைக் குழுவினின்று விலகினர். அம்மையார் பணியைக் கைவிட்டாரல்லர். 1896-97இல் மத்திய மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, நூற்றுக்கணக்கான பெண்களைக் காப்பாற்றி அழைத்து வந்தார். 1900ஆம் ஆண்டளவில் கேட்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். வழிதவறியவள் என உலகம் தூற்றிய பெண்ணுக்கும் அங்குக் கிருபா சதனம் என்ற தனி இல்லம் எழுந்தது.

வழிபாடே அவ்வில்லத்தின் உயிர். ஆயினும் வழிபாட்டோடு நின்றுவிடவில்லை. உழவு, பால் பண்ணை, நெசவு, அச்சு ஆகிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. அம்மையார் மராத்தியில் மொழிபெயர்த்த விவிலியத்தை அப்பெண்களே அச்சுக்கோத்தனர். சோறு உயிரைக் காத்தது. தொழிலோ மானத்தைக் காத்தது!

உதவிக்கு விலையாக மதத்தைக் கேட்கலாமா? கூடாது என்பதே என் எண்ணம். ஆனால் கண்டனம் செய்தோரை நோக்கி ஒரு வினா: அப்பெண்களுக்கு நம் வீட்டுக் கதவு திறந்திருந்தால், அவர்கள் வேறொரு வாசலை நாடியிருப்பார்களா?

1922இல் அம்மையார் மறைந்தார். இல்லம் இன்றும் பணி புரிகின்றது. அன்பர்களே! கரியாஹாட்டைச் சுற்றி வாழும் நம்மவருள்ளும், கணவனை இழந்தோ கைவிடப்பட்டோ, ஊர் மொழியும் உற்றார் துணையுமின்றித் திகைக்கும் சகோதரி இருக்கக்கூடும். விழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு பெண்ணுக்கேனும் தங்குமிடமும் தொழிற்பயிற்சியும் அளிக்கச் சங்கம் முன்வர வேண்டுகின்றேன். அவளுடைய சாதி சமயம் கேட்க வேண்டா. நடந்த கதையும் கேட்க வேண்டா. என்ன தொழில் கற்க விருப்பம் என்று மட்டும் கேட்போம்.