ஒரேயொரு பிரதி

(எமது தமிழ்ப் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மலருக்கு வந்த மாணவர் கட்டுரைகளை வாசித்துப் பார்க்கும் வேலையை மலர்க்குழுவினர் என்னிடம் தந்தார்கள். பதினொரு கட்டுரைகள். தலைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: "எங்கள் வீட்டுப் புத்தாண்டு". அதில் மூன்று கட்டுரைகள் ஒரே வசனத்தில் தொடங்கி ஒரே வசனத்தில் முடிந்திருந்தன. மூன்று வீட்டு முற்றத்திலும் மாவிலைத் தோரணம், மூன்று வீட்டிலும் குயில் கூவுகிறது. நாங்கள் இருப்பது ஜேர்மனியில், மூன்றாம் மாடியில். முற்றமும் இல்லை, குயிலும் இல்லை.

ஒரு தகப்பனாரிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணை, பிள்ளைக்குத் தமிழ் வடிவா வராது. சபையில வெட்கப்படக் கூடாதெண்டுதான் ஒரு பழைய மலரில இருந்து பார்த்து எழுதிக் குடுத்தனான்" என்றார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையில் உள்ள பாசத்தில் செய்த வேலைதான். ஆனால் அந்தப் பிள்ளை அன்று என்ன படித்தது? "உன்னுடைய சொல் சபைக்கு உதவாது, மற்றவனுடைய சொல்தான் உதவும்" என்பதைத்தான் படித்தது.

நாங்கள் வாழும் இந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல. 2011இல் இங்கே பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க், தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் பிறருடைய பந்திகளைப் பெயர் சொல்லாமல் சேர்த்திருந்தது வெளிவந்தது. முன்னுரையின் தொடக்கமே ஒரு செய்தித்தாள் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது. பட்டமும் போனது, பதவியும் போனது. இரண்டு வருடம் கழித்து, 2013இல், கல்வி அமைச்சர் ஷவானும் பதவி விலகினார். அவருடைய ஆய்வு 1980இல் எழுதப்பட்டது. முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்ப எடுத்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். 2014இல் நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. அந்த ஆய்வின் பொருள் என்ன தெரியுமோ? மனச்சாட்சி!

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம் என்று நினைக்க வேண்டாம். நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுத்துச் சொல்கிறது எங்கள் நன்னூல். முன்னோர் வழியில் எழுதுவது குற்றமல்ல, எந்த வழியில் வந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். கம்பரே இராமகதையை வடமொழியில் செய்த மூவரைச் சொல்லி, அவர்களில் முதல்வர் சொன்னபடி பாடுகிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். அதனால் கம்பருடைய புகழ் குறைந்தா போனது?

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை நான் மேடையில் சொன்னதில்லை.

1985இல் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரெயில் ஏறி மேற்கு பேர்லினுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். அகதி விசாரணைக்கு முதல்நாள் இரவு, அறையில் இருந்த ஒருவர் எனக்கு ஒரு தாள் தந்தார். "இதைப் பாடமாக்கிச் சொல்லு, கேஸ் நிக்கும்" என்றார். அது வேறு யாரோ ஒருவருக்கு நடந்த கதை. விடிய விடியப் பாடமாக்கினேன்.

எனக்கு நடந்த உண்மை வேறு. 1983 யூலையில் கொழும்பில் நான் வேலை செய்த கடையை எரித்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஒருவர் தன் குசினிக்குப் பின்னால் இருந்த விறகு அறையில் என்னை மூன்று நாள் ஒளித்து வைத்திருந்தார். இரவில் பாணும் பருப்பும் கொண்டுவந்து தருவார். வாசலில் வந்து கேட்டவர்களுக்கு "இங்கே ஒருவரும் இல்லை" என்று சொன்ன அவருடைய குரல் இன்னும் என் காதில் நிற்கிறது. சிங்களப் பெண் ஒருவர் காப்பாற்றினார் என்று சொன்னால் கேஸ் பழுதாகிவிடும் என்று பயந்து, அவரை என் கதையிலிருந்தே வெட்டி எறிந்தேன்.

விசாரணையில் அதிகாரி சிரித்தார். "இதே கதையை இந்தக் கிழமை நான்கு பேர் சொல்லிவிட்டார்கள்" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் உண்மையைச் சொன்னபோது, "ஏன் இதை முதலே சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. வழக்கு ஆறு வருடம் இழுபட்டது. அதற்கிடையில் ஊரில் அம்மா செத்துப் போனா. கொள்ளி வைக்க நான் போகவில்லை.

களவெடுத்த கதை என்னைக் காப்பாற்றவில்லை. என்னைக் காப்பாற்றிய மனுசியையும் நான் மறைத்துப்போட்டேன்.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் அச்சுப் புத்தகங்கள் பலவற்றுக்கு வேறு இடங்களில் பிரதிகள் இருந்தன. ஆனால் வேறெங்கும் படியெடுத்து வைக்காத ஏடு போனது போனதுதான். எங்கள் ஒவ்வொருவருடைய வாழ்க்கையும் அப்படிப்பட்ட ஏடுதான். நாங்கள் எழுதாவிட்டால் வேறு பிரதி இல்லை.

அந்தப் பதினொன்றில் ஒரு கட்டுரை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதியது, அரைப் பக்கம், எழுத்துப் பிழை பத்தொன்பது. "அம்மம்மா பிறிச்சுக்குள்ள இருந்து மருத்துநீர்ப் போத்தலை எடுத்து என்ர தலையில வைச்சா. ஐஸ் மாதிரி இருந்தது. நான் கத்தினன். அம்மம்மா சிரிச்சா, பிறகு அழுதா. ஏன் எண்டு கேட்டன். சொல்லேல்லை." நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அதை வாசித்து முடித்தேன். பிழைகளை நாங்கள் திருத்தலாம். அந்த அம்மம்மாவின் அழுகையை வேறு எந்த மலரிலிருந்து பார்த்து எழுதுவது?

பெற்றோரே, பிள்ளை எழுதட்டும், பிழையோடு எழுதட்டும். பிறர் எழுதியது பிடித்திருந்தால் அவருடைய பெயரைச் சொல்லி எடுக்கப் பழக்குங்கள். பிள்ளைகளே, இந்தப் புத்தாண்டில் கைவிசேடம் வாங்கும்போது அம்மம்மாவிடம், தாத்தாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, கீழே உங்கள் பெயரையும் அவர்களுடைய பெயரையும் போடுங்கள்.

அந்த மூன்று பிள்ளைகளிடமும் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் மாடிப் புத்தாண்டை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். மலரில் அவர்களுக்குரிய பக்கம் காத்திருக்கிறது.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.