அயல் மொழி சூழ்ந்த இடத்தில் தாய்மொழிக் கல்வித் தொலைக்காட்சி

ஆண்டு விழா மேடையிலே கனடா நாட்டுக் கதை எதற்கு என்று சிலர் எண்ணலாம். சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

கனடாவில் ஒன்டாரியோ என்றொரு மாகாணம் உண்டு. அங்கே பெரும்பான்மையோர் மொழி ஆங்கிலம். அவர்களிடையே ஏறத்தாழ 6 இலட்சம் பிரெஞ்சு மொழியினர் வாழ்கின்றனர். 1912ஆம் ஆண்டில் அம்மாகாண அரசு பதினேழாம் விதி என்ற ஒன்றைப் பிறப்பித்தது. தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சு வாயிலாகக் கற்பித்தல் ஆகாது என்பது அதன் சாரம். பெற்றோர் அடங்கினாரில்லை. 1916ஆம் ஆண்டு சனவரியில், ஒட்டாவா நகரத்துக் குயிக் பள்ளியின் வாயிலில் தாய்மார்கள் திரண்டு நின்று, ஆசிரியைகளை வெளியேற்ற வந்தோரைத் தடுத்தனர். அவர்கள் கையில் ஏந்திய ஆயுதம் யாது தெரியுமா? தலைத்தொப்பியில் செருகும் நீண்ட ஊசி! 1927இல் அவ்விதியின் பிடி தளர்ந்தது.

அம்மாகாணத்தில் 1970ஆம் ஆண்டு பொதுக் கல்வித் தொலைக்காட்சி தோன்றியது. அதில் பிரெஞ்சு மொழிக்குக் கிடைத்தது சிறு பங்கே. 1987 சனவரி முதல் நாளன்றுதான் தனி அலைவரிசை பிறந்தது. பின்னர் டி.எஃப்.ஓ. என்று பெயர் பெற்ற அது, 2007இல் தனி நிறுவனமாகவும் ஆயிற்று.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். பக்கத்து மாகாணமாகிய கியூபெக் முழுவதும் பிரெஞ்சு மொழி வழங்கும் நாடாயிற்றே. அங்கிருந்து வரும் நிகழ்ச்சிகள் போதாவோ? போதா. கியூபெக் பாடம் கியூபெக் பிள்ளைக்கு உரியது. ஒன்டாரியோப் பிள்ளைக்கோ பாடத்திட்டம் வேறு, வாழும் ஊர் வேறு, தேர்வும் வேறு. மொழி ஒன்றாயிருந்தால் மட்டும் பாடம் ஒன்றாகிவிடாது.

இனி நம் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டரசு 2019 ஆகஸ்டு 26ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. நற்பணி, ஐயமில்லை. ஆயினும் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுமி, சிவாஜி மகாராஜாவின் வரலாற்றை விரிவாகக் கற்கவேண்டியவள். சென்னைப் பாடத்தில் அவள் அதை எங்கே தேடுவாள்? மத்திய அரசு 12 கல்வி அலைவரிசைகளை 200 ஆகப் பெருக்கி, மாநில மொழிகளில் கற்பிக்கப் போவதாக 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. மாநில வாரியாகப் பங்கிடும்போது மகாராஷ்டிரத்தின் தமிழ்ப் பிள்ளை எந்தப் பங்கில் சேர்வாள்? இரண்டு வீட்டு விருந்தாளி பட்டினி என்பது போலத்தான்.

நாம் கேட்பது சலுகை அன்று. 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சி அமைப்பும் முயலவேண்டும் என்கிறது. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்திவரும் பெருமை உடையது. அப்பெருமையைத் திரைக்கும் கொண்டுசெல்லுங்கள் என்பதே நம் விண்ணப்பம்.

மாதுங்கா, செம்பூர்ப் பெற்றோர்கள், எங்கள் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் அல்லவா படிக்கிறார்கள், எங்களுக்கு இதில் என்ன என்று கேட்கக்கூடும். அப்பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த மலரைத் தாமே எடுத்துப் படிப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்; வேறு விடை வேண்டா.

மற்றொன்றும் உண்டு. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்மாநிலப் பள்ளிகள் அனைத்திலும் மராத்தி கட்டாயப் பாடம். இந்நாட்டில் உண்டு வாழும் நாம் அம்மொழியைக் கற்பது முறையே. ஆனால் தமிழில் ககரம் ஒன்றே. மராத்தியில் அவ்வொலி வரிசைக்கு நான்கு தனி எழுத்துகள். நம் குழந்தை இடறுவது அங்கேதான். ளகரமோ மராத்தியிலும் உண்டு. அதில் அது தயங்குவதே இல்லை! இந்நுட்பம் அறிந்து, தமிழ் வழியாக மராத்தி கற்பிக்கும் பாடத்தைச் சென்னையிலிருந்து எதிர்பார்க்க இயலாது. மும்பைத் தமிழாசிரியரே ஆக்கவேண்டும்.

கோபுரமும் பெருங்கூடமும் கட்டும் காலம் போயிற்று. ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஒரு கைப்பேசி இருந்தால் பாடத்தைப் பதிந்துவிடலாம். முதற்கண் மராத்தி எழுத்துக்குப் பத்துப் பாடங்களும், நான்காம் வகுப்பு வரலாற்றுக்குப் பத்துப் பாடங்களும் செய்து, அவற்றைக் கையிற் கொண்டே மாநகராட்சிக் கல்வித் துறையை அணுகலாம் என்பது என் கருத்து. வெறுங்கையோடு சென்று கேட்பதினும் அது நன்று. ஓய்வு பெற்ற ஆசிரியப் பெருமக்கள் இவ்வவையில் பலர் உள்ளனர். விருப்பமுடையோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.