வினாவும் ஒரு பாடம்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நம் திருவள்ளூர் மாவட்டத்தில் கொசத்தலை ஆற்றின் பக்கம் அதிரம்பாக்கம் என்றொரு சிற்றூர் உண்டு. 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011இல் வெளியான ஆய்வு நிறுவிற்று. பூண்டி அகழ்வைப்பகத்தில் அத்தகைய கல்லொன்றின் முன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்திப் பாருங்கள். இதைச் செதுக்கியவன் யார் என்று கேட்பான், அது வரலாறு. ஏன் இந்தக் கல்லைத் தேர்ந்தான் என்பான், அது அறிவியல். எத்தனை தலைமுறைக்கு முன் என்பான். தலைமுறைக்கு 25 ஆண்டு எனக் கொண்டால் 60,000 என்று அவனே வகுத்துச் சொல்வான். அவனுக்குப் பேசத் தெரியுமா என்று கேட்கும்போது மொழிப்பாடமும் வந்துவிடுகிறது. இவை நான்கு பாடங்கள் என்பது பிள்ளைக்குத் தெரியாது. கால அட்டவணைக்குத்தான் தெரியும்.

வினவுதலையும் வினவியதற்கு விடை கூறுதலையும் கற்போர் கடனாக வைத்தது நன்னூல். நாமோ வினாவை ஆசிரியருக்கும் தேர்வுத்தாளுக்கும் உரியதாக்கிவிட்டோம்.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலமெங்கும் பரவியது. பிள்ளைகள் தரையில் குழுவாக அமர்ந்து, அட்டை அட்டையாகத் தம் வேகத்தில் ஏணியேறினர். அச்சம் நீங்கிற்று, அது பெரும்பேறு. ஆயினும் ஏணி பாடத்துக்கு ஒன்றாகவே இருந்தது. பிள்ளை தானாகக் கேட்கும் கேள்விக்கு அட்டை இல்லை. 2022 ஜூனில் நம் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் ஆடலையும் பாடலையும் வகுப்பறைக்குள் கொணர்ந்தது. அரும்பு, மொட்டு, மலர் என அதன் நிலைகளுக்குப் பெயரிட்டவர் நம் இனத்தவராகத்தான் இருக்க வேண்டும்!

எனினும் கும்மிடிப்பூண்டியை எண்ணிப் பாருங்கள். இரும்பாலைகளுக்கு வடபுலத்தினின்று வந்தோர் பிள்ளைகள் உண்டு. மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் ஒடிசாவிலிருந்து பருவந்தோறும் வந்து போவோர் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ஒடிய மொழிப் பாடநூல் கொண்டு வகுப்பு நடத்திய முயற்சிகளும் இங்கே நடந்தன. வினாவழிக் கல்வி என்று நாம் பேசும்போது, வினவ மொழியில்லாமல் கடைசி வரிசையில் வாய்மூடி அமர்ந்திருக்கும் அப்பிள்ளையை என் செய்வது? பச்சை மண் ஏன் சிவக்கிறது என்பது சூளையில் வளரும் பிள்ளையின் கேள்வி. அதை அவன் தன் மொழியில்தான் கேட்பான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாதம் ஒருநாள் நம் உறுப்பினர் இருவர், அவ்விரு மொழியும் அறிந்த ஒருவரைத் துணைக்கொண்டு, அருகிலுள்ள பள்ளிக்குச் செல்லட்டும். பாடம் நடத்த வேண்டா. பிள்ளைகள் கேட்பவற்றைக் கேட்டபடியே எழுதி வாருங்கள். அவற்றை இரு மொழிச் சொற்களும் கலந்த சிறு பாடல்களாக்கித் தாருங்கள். அடுத்த மலரில் நம் கவிதைகளுக்கு முன்னதாக அவை அச்சாகட்டும்.