பிள்ளையின் கைநாட்டும் தந்தையின் கடனும்



18 வயது நிரம்பாதவன் எழுதிக்கொடுத்த கடன் பத்திரம் அவனைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அவனுக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை என்கிறது. கல்கத்தாவில் தர்மோதாஸ் கோஷ் என்பவர், உரிய வயதை எட்டாத நிலையில் தம் சொத்தை அடகு வைத்துக் கடன் பெற்றார். அவ்வொப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. உணவு, உடை போன்ற இன்றியமையாப் பொருள்களை அளித்தவரும், 68ஆம் பிரிவின்படி அவனுடைய சொத்திலிருந்தே ஈடு பெறலாம். அவன் உழைப்பை ஈடாகக் கேட்க இயலாது.

நம் தஞ்சைத் தரணியிலோ பண்ணையாளின் மகன் பத்திரம் ஏதும் எழுதியதில்லை. தந்தை வாங்கிய நெல்லுக்கும் பணத்துக்கும் ஈடாக மாடு மேய்க்கப் போனான். அத்தகைய கடன்களையே 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இல்லாமல் ஆக்கிற்று. ஆயினும் ஆட்டுக்கிடைக்கும் செங்கற்சூளைக்கும் முன்பணம் நீட்டும் கைகள் இன்றும் உள்ளன.

பெற்றோர்களே! அப்பணத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். எவரேனும் வற்புறுத்தினால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். மனு எழுத ஆசிரியர்களாகிய நாம் துணை நிற்போம். பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய ஏடு பள்ளியின் வருகைப் பதிவேடு ஒன்றே.