தாத்தாவின் சவரக்கத்தி



இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் தாத்தா சவரத் தொழில் செய்தவர். ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் மணைக்கட்டை போட்டு உட்கார்ந்தாரென்றால் பொழுது சாயும்வரை கை ஓயாது. கட்டி வந்தால் கீறுவதும் அவரே. இழவு வீட்டில் மொட்டை போடுவதும் அவரே. ஆனால் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் சிலரே. மற்றவர்களுக்குச் சாதிப் பெயரே போதுமாயிருந்தது.

தாத்தா கண்மூடியதும் அப்பா அந்தக் கத்தியைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். “எனக்கு இந்த வேலை தெரியாது” என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, இறப்பர் பால் வெட்டப் போனார். என்னைப் படிக்க வைத்தார்.

சென்ற ஆண்டுதான் பெட்டியைத் திறந்தேன். இரத்தினபுரி மாவட்டத்து மழை ஈரத்தில் கத்தி துருவேறிக் கிடந்தது. மாட்டுக்கொம்புப் பிடியைப் பூச்சி அரித்திருந்தது. துருவுக்கடியில் ‘செஃபீல்ட், இங்கிலாந்து’ என்ற எழுத்துகள். இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்கவேண்டுமென்று அமெரிக்கா 1890இல் சுங்கச் சட்டம் கொண்டுவந்த பின்னரே இப்படிப் பொறிப்பது வழக்கமாயிற்று.

துருவை எண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு கையாலேயே தேய்த்தேன். மோட்டார்ச் சாணையில் பிடித்தால் மெல்லிய உருக்கு சூடேறிப் பதம் கெட்டுவிடும். பிடிக்கு, இடித்த லயமொன்றின் பலாமரக் கதவுச் சட்டம் கிடைத்தது. நன்கு காய்ந்த மரம். பச்சை மரமென்றால் அதன் ஈரமே கத்தியைத் தின்றுவிடும். 3 மில்லிமீற்றர் கனத்தில் இரண்டு மட்டைகள் சீவி, சேர்த்து வைத்துத் துளையிட்டேன். அடிமுனையில் சிறு ஆப்பு வைத்து, பித்தளைக் கம்பியின் தலைகளை மெல்லத் தட்டி விரித்தேன். ஓங்கி அடித்தால் மரம் பிளந்துவிடும்.

கத்தியின் முதுகு நீளத்துக்கும் தேய்ந்திருந்தது. அதையும் சரிசெய்யப் போனவன் நிறுத்திக்கொண்டேன். தீட்டும்போது முதுகும் விளிம்பும் சேர்ந்தே கல்லில் படியும். அந்த முதுகுதான் விளிம்பின் சாய்வைக் காக்கிறது. அந்தத் தேய்வு தாத்தாவின் கை போய்வந்த தடம்.

துரு வேறு, தேய்வு வேறு. நாங்களோ அவருக்கு நேர்ந்த அவமானத்தையும் அவருடைய உழைப்பையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தோம்.

கத்தியை அப்பாவிடம் நீட்டினேன். ஏசுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பேசாமல் இடுப்பிலிருந்த தோல்வாரைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினார். முதுகை முன்னே விட்டு, விளிம்பு பின்தொடர இழுத்தார். ஒவ்வொரு முனையிலும் முதுகின்மேலேயே கத்தியைப் புரட்டினார். வாரில் ஒரு கீறல் விழவில்லை.

“யார் பழக்கினது?” என்று கேட்டேன்.

“எங்கப்பாதான்” என்றார்.

அத்தனை உரக்க அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.