ரப்பருக்குக் கணக்குப் போட யார் வருவார்?



"ஆராய்ச்சியெல்லாம் நமக்கு எதற்கு? டிப்ளோமா முடித்தால் ஆயர் குரோவிலோ பத்து பெரண்டாமிலோ ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்துவிடும்." மலாக்காத் தமிழர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தவறு என்று சொல்லிவிட முடியாது. மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். ஆனால் அந்த வீட்டுப் பாட்டி வெட்டிய பால் எங்கே போனது என்று கொஞ்சம் பாருங்கள்.

1896இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அதுதான். பிறகு மாநிலமெங்கும் தோட்டங்கள். விடியுமுன் பெரட்டு, மங்கு மங்காகப் பால். ரப்பர் உற்பத்தியாளர் பணத்தில் இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் நடந்தது. அங்கே 1940களில் ரிவ்லின் என்பவர், இழுபடும் ரப்பருக்குச் சமன்பாடு எழுதினார். இன்றும் ஆன்சிஸ், அபாகஸ் மென்பொருளைத் திறந்தால் 'மூனி-ரிவ்லின்' என்று அவர் பெயர் நிற்கிறது. பால் வெட்டியவர் பெயர் எதிலும் இல்லை. அது வேறு கதை.

அந்த மென்பொருளுக்குள் இருப்பதுதான் ஃபைனைட் எலிமெண்ட் முறை. ஒரு டயரையோ பாலத்தையோ கணினிக்குள் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரிப்பார்கள். துண்டுக்குத் துண்டு எளிய சமன்பாடு. எல்லாவற்றையும் சேர்த்துக் கணினி விடை காணும். இரும்பு இதற்கு ஓரளவு அடங்கிப் போகும். ரப்பர்தான் அடம் பிடிக்கும்! பல மடங்கு இழுபட்டாலும் அதன் கன அளவு அநேகமாக மாறாது. சாதாரணத் துண்டுகளால் கணக்குப் போட்டால் அவை பூட்டிக்கொள்ளும். 'ரப்பர் கல்லைப் போல விறைப்பானது' என்று கணினி பொய் சொல்லும். அந்தப் பொய்யைப் பிடித்துத் திருத்துவதே சிலருக்கு முழுநேர உத்தியோகம்.

வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2014இல் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாவது பாலம், நிலநடுக்கத்தைத் தாங்க இயற்கை ரப்பர் தாங்கிகளின் மேல்தான் நிற்கிறது.

தமிழர் இந்தத் துறையில் இல்லையா? சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற பெருமாள் நித்தியரசு, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இரத்தக் குழாயில் ஓடும் இரத்தத்தையே இம்முறையில் கணக்கிடுகிறார். வெப்பம், திரவ ஓட்டம் பற்றி அவரும் இருவரும் சேர்ந்து எழுதிய பாடநூல் 2004இல் வந்தது. அந்த இருவரில் ஒருவரான சீதாராமு, பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர்.

மலாக்காப் பிள்ளைகளுக்கு டுரியான் துங்கலிலேயே 2000இல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், யூடெம் இருக்கிறது. பட்டம், முதுகலை, முனைவர் என்று எட்டு ஆண்டுகளாவது ஆகும். இடையில் பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து உதவித்தொகை கிடைக்கலாம். ஃபேக்டரிச் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கலாம், மறைப்பானேன்?

ஆனால் பல பிள்ளைகளுக்கு இந்தக் கதவு பணத்தால் மூடுவதில்லை. படிவம் நான்கில் 'கூடுதல் கணிதம் கஷ்டம்' என்று விட்டுவிடும் அன்றே பாதி சாத்திக்கொள்கிறது. படிவம் மூன்று முடிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் இன்றிரவே கேட்டுவிடுங்கள்: "ஐயா, அம்மா, கூடுதல் கணிதம் எடுக்கப் போகிறாயா?"