துயரம் பாடுமா?

பாடகர் ஒருவரின் வாழ்க்கையைப் படமாக்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். பசி, போதை, இழப்பு என்று துன்பத்தை அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அவரை மேடையேற்றிப் பாடவிடுவார்கள். அந்தத் துன்பம்தான் பாட்டாக வழிகிறது என்று பார்க்கிறவர்கள் நம்பிவிடுவோம். பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபைப் பற்றி ஒலிவியே தஹான் இயக்கி, 2007இல் வெளிவந்த 'லா வி ஆன் ரோஸ்' படத்தையும் பலர் அப்படித்தான் பார்த்தார்கள். ஆனால் இந்த நம்பிக்கைக்கான மறுப்பு அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

துன்பத்துக்குக் குறைவில்லாத வாழ்க்கைதான். 1915இல் பாரிஸில் பிறந்தார். அப்பா தெருவில் வித்தை காட்டுகிறவர், அம்மா தெருப்பாடகி. நார்மண்டியில் பாட்டி நடத்திய விலைமாதர் விடுதியில் வளர்ந்த காலத்தில் சில ஆண்டுகள் கண்பார்வை இல்லாமல் இருந்தார். பெற்ற ஒரே மகள் இரண்டு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். 1963இல், 47 வயதில், உடல் முழுக்கச் சிதைந்து இறந்தார். இதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அதே தெருவில் அதே பசியோடு பாடியவர்தானே அவருடைய அம்மாவும்? பியாஃபுடன் கைகோத்துத் தெருத்தெருவாக அலைந்த தோழி மோமோனும் அதே குளிரில்தானே நின்றார்? மூவருக்கும் வறுமை ஒன்றுதான். பியாஃப் ஒருவர்தான் பியாஃப் ஆனார். அப்படியானால் வேறு ஏதோ ஒன்று அங்கே வேலை செய்திருக்கிறது.

அந்த வேறு ஒன்றைப் படம் ஓர் இடத்தில் அழகாகக் காட்டுகிறது. பாடலாசிரியர் ரேமோன் ஆஸோ இளம் பியாஃபை உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லையும் கடித்து உச்சரிக்கச் சொல்கிறார். கைகளைப் பயன்படுத்து என்று விரட்டுகிறார். நம் ஊர்ப் பாட்டு வாத்தியார்கள் சாதகம் என்பார்களே, அதேதான். பிறகு 1937இல் ஏ.பி.சி. என்ற பெரிய இசையரங்கில் பியாஃப் மேடையேறுகிறார். வாய் அசைகிறது, ஆனால் இயக்குநர் அவருடைய குரலை நமக்குத் தருவதில்லை. பின்னணி இசை மட்டுமே கேட்கிறது. கறுப்பு உடைக்கு மேலே இரண்டு வெள்ளைக் கைகள் விரிகின்றன, மடங்குகின்றன, கன்னத்தைத் தொடுகின்றன. ஆஸோ மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தது அந்தக் கைகளில் வந்து நிற்கிறது. பாடகியைப் பற்றிய படத்தில் பாட்டையே நிறுத்திவைத்து உழைப்பைக் காட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

மொழி தெரியாமல் இந்தப் படத்தைப் பார்த்து என்ன புரியும் என்று கேட்கலாம். வசனத்தின் நயம் நிச்சயம் போகும். தெருப் பேச்சின் கொச்சையைத் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளால் தர முடியாது. பாட்டில் மட்டும் கணக்கு மாறுகிறது. படத்தில் பெரும்பாலும் ஒலிப்பது பியாஃபின் சொந்த இசைத்தட்டுக் குரல். நடிகை மரியோன் கொத்தியார் வாயசைக்கிறார். பொருள் தெரியாத காதுக்கு அந்தக் குரலில் கேட்பது சேதி அல்ல, செய்நேர்த்தி. தொண்டையில் உருட்டி எறியும் 'ர', வரியின் கடைசிச் சொல்லுக்காக மிச்சம் வைத்திருக்கும் மூச்சு, அழுகைக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு. அழுகிறவரால் அப்படி நிறுத்த முடியாது.

படத்தின் மேல் எனக்கு உண்மையான குறை ஒன்று உண்டு. பாடகர் இவ் மோந்தானை மேடைக்கு வளர்த்தெடுத்தவர் பியாஃப். பாடகர் ஷார்ல் அஸ்னவூர் பெரும்புகழ் பெறுவதற்கு முன்பு பியாஃபுக்குப் பாட்டு எழுதிக்கொடுத்து, கூடவே இருந்து வளர்ந்தவர். தொழில் தெரிந்த, தொழிலைச் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்ணுக்குப் படத்தில் இடமே இல்லை என்று சொல்லலாம். பாரிஸ் ஜெர்மானியர் கையில் இருந்த போர்க்காலமும் கிட்டத்தட்ட காணாமல் போகிறது. இரண்டேகால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாதுதான். ஆனால் நேரம் போதாதபோது ஒவ்வொரு முறையும் வெட்டுப்படுவது உழைப்பாகவும், தங்கிவிடுவது நோயாகவும் இருப்பதை எப்படி ஏற்பது?

துன்பம் பாட்டாவதில்லை என்ற என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான சாட்சியும் படத்திலேயே இருக்கிறது. பியாஃபின் காதலர், குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான், 1949 அக்டோபர் 28 அன்று அசோர்ஸ் தீவில் நடந்த விமான விபத்தில் இறக்கிறார். படத்தில் அவர் வந்துவிட்டதாகவே எண்ணி, பரிசாக வாங்கிய கைக்கடிகாரத்தைத் தேடிக்கொண்டு பியாஃப் வீடெங்கும் நடக்கிறார். சுற்றி நிற்பவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. சேதி தெரிந்ததும் கதறிக்கொண்டு ஓடுகிறார். அந்த நடைவழியே மேடையாகத் திறக்கிறது, 'இம் ஆ லாமூர்' பாட்டு எழுகிறது. துயரம் இங்கே பாட்டாகவில்லையா என்று கேட்டால், அந்தக் காட்சியில் ஆம் என்றுதான் தோன்றும். பார்க்கிறவர் தொண்டையும் அடைக்கும். ஆனால் காதலன் இறந்தாலும் காதல் நிற்கும் என்று சொல்லும் அந்தப் பாட்டின் வரிகளை எழுதியவர் பியாஃப். மெட்டு மார்கரித் மொனோ. விபத்துக்கு ஆறு வாரம் முன்பே, செப்டம்பரில், நியூயார்க்கின் வெர்சாய் இரவு விடுதியில் பியாஃப் அதைப் பாடியும்விட்டார். அந்த வரிகளை எழுதிய நாளில் செர்தான் உயிரோடு இருந்தார்.